பழைய பெல்ட் லேத்: பெட்டை (அடித்தண்டவாளத்தை) கிரைண்டிங் கொடுப்பதா, கையாலேயே சரிக்கட்டுவதா?

நாலரை_அடி

வணக்கம். கோவை கணபதி பக்கம் ஒரு பட்டறையை மூடினார்கள். காயலாங்கடைக்காரர் எடை போட வருவதற்கு முந்தின நாள் நான் போய்ச் சேர்ந்தேன். நாலரை அடி லேத் (கடைசல் இயந்திரம்), பெல்ட்டில் ஓடும் வண்டி, வேகத்தைக் குறைக்கும் பேக் கியர் உண்டு. பெயர்த் தகடு இருந்த இடத்தில் இரண்டு துளை மட்டும் மிச்சம். ஒருவர் ராஜ்கோட்டில் செய்தது என்கிறார், இன்னொருவர் பட்டாலா என்கிறார். எடை நானூறு கிலோ சொச்சம். டாட்டா ஏஸில் ஏற்றி வந்து, அடியில் குழாய்த் துண்டுகளைக் கொடுத்து, நாலு பேர் கடப்பாரையால் நெம்பி நெம்பி கார் நிறுத்தும் இடத்தில் வைத்தாயிற்று. கார் இப்போது தெருவில் நிற்கிறது, அதைப் பற்றிய பேச்சு வீட்டில் இன்னும் ஓயவில்லை.

குறைகளைச் சொல்கிறேன். டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடின் கைப்பிடி கால் சுற்று சும்மா சுற்றுகிறது, அதற்கப்புறம்தான் ஸ்லைடு நகர்கிறது. சக்குக்கு (வேலையைப் பிடித்துச் சுற்றும் பகுதி) முன்னால் பெட்டில் நகத்தை வைத்து இழுத்தால் ஒரு விளிம்பு தட்டுப்படுகிறது. த்ரீ ஜா சக் துரு ஏறி அசையவே மாட்டேன் என்கிறது. அப்பா மில்லில் டர்னராக இருந்தவர், அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. அவருடைய பெட்டியில் அரங்கள், காலிப்பர், ஒரு டயல் (நுண்ணிய மேடுபள்ளம் காட்டும் அளவி), அப்புறம் பல்லே இல்லாத ஒரு தட்டை அரம் இருக்கிறது. நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதிப்பவன். சின்ன வயதில் அவர் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்ததுதான் என் அனுபவம்.

பெட்டை கிரைண்டிங் கொடுத்துவிடலாமா? பெயிண்ட் என்ன நிறம் அடிக்கலாம் என்றும் சொல்லுங்கள்.

மரைகழன்றவன்

பெயிண்ட் பேச்சை மூட்டை கட்டி வையுங்கள். இந்தப் பக்கம் வரும் பத்துப் பேரில் எட்டுப் பேர் முதலில் பச்சை பெயிண்ட் வாங்குகிறார்கள், பிறகு லேத் அப்படியே நின்றுவிடுகிறது.

முதல் வேலை மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும். எல்லா எண்ணெய்த் துளைகளையும் கம்பி விட்டுச் சுத்தம் செய்யுங்கள், பாதித் துளைகள் பழைய கிரீஸும் தூசியும் சேர்ந்து அடைத்துத்தான் இருக்கும். ஒவ்வொன்றையும் கழற்றும்போது போனில் படம் எடுங்கள், வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்பது ஒரு மாதம் கழித்து நினைவில் இருக்காது. பெட் மேல் எமரித்தாளை மட்டும் தொடாதீர்கள். அந்தத் தூள் சாடிலுக்கு (டூலைச் சுமந்து பெட் மேல் ஓடும் பகுதி) அடியில் போய் உட்கார்ந்துகொண்டு அது பாட்டுக்குத் தேய்க்கும். துரு இருந்தால் எண்ணெய் தடவி, பிளேடைப் படுக்க வைத்துச் சீவுங்கள்.

அப்புறம் அளந்து பாருங்கள். கிரைண்டிங் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

உக்கடம்_பழசு

எதற்கு இவ்வளவு சுற்றி வளைப்பது? பெட்டைக் கழற்றிக் கொடுத்தால் இரண்டு நாளில் கண்ணாடி மாதிரி வந்துவிடும். கையால் சுரண்டுவதெல்லாம் வெள்ளைக்காரன் யூடியூப்பில் பொழுதுபோகாமல் செய்கிற வேலை. நம் ஊரில் கிரைண்டிங் பட்டறை தெருவுக்கு ஒன்று இருக்கிறது.

டர்னர்_62

உக்கடத்துத் தம்பி சொல்வதில் பாதி சரி. கிரைண்டிங் செய்தால் பெட் நேராகும். மீதிப் பாதியை நான் சொல்கிறேன்.

பெட்டில் அரை மில்லிமீட்டர் எடுத்தால் சாடில் அரை மில்லிமீட்டர் கீழே இறங்கும். அதோடு அதன் முன்னால் தொங்கும் ஏப்ரானும் இறங்கும், மரை வெட்டும்போது லீட் ஸ்க்ரூவைக் கவ்வ ஏப்ரானுக்குள் இருக்கிற ஹாஃப் நட்டும் இறங்கும். ஆனால் சாடிலை இழுக்கும் நீள மரைத்தண்டான லீட் ஸ்க்ரூ இரண்டு முனையிலும் பிராக்கெட்டில் பழைய உயரத்திலேயே இருக்கும். ஹாஃப் நட்டைப் போட்டால் ஸ்க்ரூவைக் கீழே இழுத்துக்கொண்டு ஓடும். சாடிலைக் கையால் நகர்த்தும் ரேக்கும் பினியனும் சரியாகக் கோர்க்காது. வேலையின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் ஓடும் வழியையும் சேர்த்து கிரைண்ட் செய்திருந்தால் அதன் சென்டரும் சக் இருக்கும் ஹெட்ஸ்டாக் சென்டரை விடக் கீழே போகும். இதையெல்லாம் ஈடுகட்ட சாடிலுக்கு அடியில் டர்சைட் என்ற பிளாஸ்டிக் பட்டை ஒட்டி, அதை மறுபடி சுரண்டி உட்கார வைக்க வேண்டும். அதாவது, கையால் சுரண்டும் வேலையிலிருந்து தப்பிக்க கிரைண்டிங் கொடுத்தவன் கடைசியில் சுரண்டித்தான் ஆக வேண்டும்.

நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு முதலாளி இதே அவசரத்தில் பெட்டை மட்டும் கொடுத்து வாங்கினார். பெட் பளபளவென்று வந்தது. ஆறே மாதத்தில் லீட் ஸ்க்ரூவின் நடுப்பகுதி மரை ஊசி மாதிரி கூர்ந்துவிட்டது, மரை வெட்டும் வேலையை அந்த லேத்தில் ஏற்றுவதையே நிறுத்திவிட்டோம்.

லெஸ்டர்_தம்பி

அண்ணை சொல்லுறது நூறு வீதம் சரி. நான் யாழ்ப்பாணம், இப்ப இங்கிலாந்தில. கராஜுக்குள்ள ஒரு மைஃபோர்ட் எம்எல்7 வைத்திருக்கிறன். நொட்டிங்காமுக்குப் பக்கத்தில பீஸ்டனில் செய்த மெஷின், 1946-ல் வந்த மாதிரி. 2011-ல் அந்த ஆலையை மூடிவிட்டார்கள், ஆனால் வீட்டில் லேத் வைத்திருக்கும் ஆட்களிடம் இன்னும் அதுக்குத்தான் மவுசு.

அதில் ஒரு நல்ல பாடம் இருக்கு. எம்எல்7 சாடில், பெட்டின் முன்பக்கத் தண்டவாளத்தின் இரண்டு பக்கங்களையும் பிடித்துக்கொண்டு ஓடும். தேய்வதும் அந்த ஒரு தண்டவாளம்தான். பின்பக்கத் தண்டவாளத்தின் வெளி விளிம்பை எதுவும் தொடுவதில்லை, எழுபது வருஷம் கழித்தும் அது புதுசு மாதிரி இருக்கும். இங்கே ஆட்கள் சாடிலின் பின்பக்கத்தில் ஒரு இரும்புப் பட்டையைப் பொருத்தி, சாடிலை அந்தத் தேயாத விளிம்பில் சாய்ந்து ஓட வைத்துவிடுவார்கள். பெட்டைக் கழற்றத் தேவையில்லை. கொம்பனியே 1972-ல் இருந்து அகலமான வழிக்குத்தான் மாறினது. உங்கட மெஷினில் பெட் வேற மாதிரி, வி வடிவ வழி என்று நினைக்கிறன், அதனால் இதே வைத்தியம் சரிவராது. ஆனால் எந்தப் பக்கம் தேயவில்லை என்று முதலில் தேடிப் பாருங்கோ.

நாலரை_அடி

சுத்தம் செய்ய இரண்டு ஞாயிறு போயிற்று. லெஸ்டர் தம்பி சொன்னபடி தேயாத இடத்தைத் தேடினேன். டெயில்ஸ்டாக் ஓடும் உள்பக்க வழிகள் கிட்டத்தட்டப் புதிது போல இருக்கின்றன. அதனால் டெயில்ஸ்டாக் மேல் டயலை நிறுத்தி, அதன் முனையை சாடில் ஓடும் வழியில் வைத்து, டெயில்ஸ்டாக்கை மெல்லத் தள்ளிக்கொண்டே போனேன். சக்கிலிருந்து சுமார் 150 மிமீ தூரத்தில் முன்பக்க வி 0.12 மிமீ பள்ளம். பின்பக்கத் தட்டை வழி அதே இடத்தில் 0.02 தான்.

0.12 என்றால் பத்து பாயிண்டுக்கு (ஒரு பாயிண்ட் 0.01 மிமீ) மேல். இது போச்சு என்றுதானே அர்த்தம்?

மரைகழன்றவன்

பதறாதீர்கள். டூல் நேராகக் கீழே 0.12 இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 25 மிமீ கம்பியைக் கடைகிறீர்கள். டூல் பக்கவாட்டில் வருவதால், அது கொஞ்சம் கீழே இறங்கினாலும் விட்டம் அவ்வளவாக மாறாது. கணக்குப் போட்டால் ஒரு மைக்ரான் சொச்சம். உங்கள் மைக்ரோமீட்டரே அதைக் காட்டாது.

பிரச்சினை வேறு இடத்தில். முன்பக்கம் 0.12, பின்பக்கம் 0.02 என்றால் சாடில் உங்களைப் பார்த்துச் சாய்கிறது. இரண்டு வழிக்கும் நடுவில் 200 மிமீ, பெட்டிலிருந்து சென்டர் உயரம் 150 மிமீ என்று வையுங்கள். 0.10-ஐ 200-ஆல் வகுத்து 150-ஆல் பெருக்கினால் 0.075. அந்த அளவுக்கு டூல் வேலையை விட்டு விலகுகிறது. விட்டத்தில் அது இரட்டிப்பாகி 0.15 ஆகும். அதாவது பள்ளம் இருக்கிற இடத்தில் கம்பி தடிக்கும்.

ஆனால் இதுவும் காகிதக் கணக்குதான், சாடில் ஒரு புள்ளியில் நிற்பதில்லை, அதன் நீளம் பள்ளத்தைத் தாண்டிக் கிடக்கும். ஒரு கம்பியைக் கடைந்து பார்த்தால்தான் நிஜம் தெரியும்.

உக்கடம்_பழசு

சரி சார், ஒப்புக்கொள்கிறேன், கணக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் சக்கில் துரு என்றாரே, அதற்கு என்ன செய்வதாம்? நான் ஆசிட் ஊற்றுவேன்.

டர்னர்_62

ஆசிட் வேண்டாம், துருவோடு இரும்பையும் சேர்த்துத் தின்றுவிடும். கழிவு வெல்லப்பாகு ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு, இரண்டு வாரம் ஊறப் போடு. நாற்றம் தாங்காது, மொட்டை மாடியில் வை. சின்னச் சாமான் என்றால் புளித்தண்ணீரே போதும், பித்தளைக் குடம் துலக்குகிற அதே புளிதான்.

லெஸ்டர்_தம்பி

நான் மின்சாரத்தில் எடுக்கிறன். பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், கொஞ்சம் சலவைச் சோடா, 12 வோல்ட் பற்றரி சார்ஜர். துருப்பிடித்த சாமானுக்கு மைனஸ், ஒரு பழைய இரும்புத் தகட்டுக்கு பிளஸ். மாறிக் கொடுத்தால் உங்கட சாமான்தான் கரையும். தகட்டுக்கு எவர்சில்வர் மட்டும் வேண்டாம், குரோமியம் கரைந்து தண்ணீர் நஞ்சாகிவிடும். ஹைட்ரஜன் வரும், அதனால் வெளியில வைத்துச் செய்யுங்கோ, பக்கத்தில் நெருப்பு கூடாது. ஸ்பிரிங், கடினப்படுத்தின உருக்கு எதையும் இதில் போடாதேங்கோ, உள்ளே ஹைட்ரஜன் ஏறி நொறுங்கும்.

நாலரை_அடி

சக் திறந்துவிட்டது! வெல்லப்பாகு வைத்தியம். பக்கத்து வீட்டார் இரண்டு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்தது கிராஸ் ஸ்லைடு. கழற்றிப் பார்த்தால் கன்மெட்டல் (வெண்கல வகை) நட்டில் மரை காகிதம் மாதிரி இருக்கிறது. ஸ்லைடின் இடைவெளியை இறுக்கும் கிப் பட்டை வாழைப்பழம் மாதிரி வளைந்திருக்கிறது. அப்பா பெட்டியில் இருக்கும் அந்தப் பல்லில்லாத அரத்தைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன். முனையில் லேசான வளைவு, விளிம்பு முடி வெட்டுகிற அளவுக்குக் கூர். பிடியில் துணி சுற்றிக் கறுத்துப் போயிருக்கிறது. இது என்ன?

டர்னர்_62

தம்பி, அதுதான் சுரண்டி. பழைய அரத்தின் பல்லை கிரைண்டிங் வீலில் எடுத்துவிட்டு, எண்ணெய்க் கல்லில் தீட்டிச் செய்வது. நீங்கள் கிரைண்டிங் கொடுக்கலாமா என்று கேட்டபோதே அது உங்கள் பெட்டிக்குள் இருந்திருக்கிறது.

எப்படிப் பயன்படுத்துவது என்று கேளுங்கள். ஒரு சர்பேஸ் பிளேட் (துல்லியமான தட்டைப் பலகை) வேண்டும். கடப்பா கல், சமையலறை கிரானைட் எதுவும் உதவாது, கண்ணுக்குத்தான் தட்டை. பழைய வார்ப்பிரும்பு பிளேட் சின்னதாக ஒன்று தேடி வாங்குங்கள். ஓவியர்கள் வைத்திருக்கும் எண்ணெய் வர்ணத்தில் பிரஷ்யன் நீலம் ஒரு டியூப் போதும், ஆயுசுக்கும் வரும். கடுகளவு எடுத்து பிளேட் மேல் உள்ளங்கையால் மெலிதாகத் தேயுங்கள், அடியில் இருக்கும் இரும்பு தெரிய வேண்டும். கிப் பட்டையை அதன் மேல் வைத்து இரண்டு தரம் நகர்த்திவிட்டு எடுங்கள். எங்கே நீலம் ஒட்டியிருக்கிறதோ அது மேடு. அந்த இடத்தை மட்டும் சுரண்டுங்கள். சுரண்டியை முப்பது டிகிரி சாய்த்துப் பிடித்து, கையை அசைக்காமல் இடுப்பால் தள்ள வேண்டும். ஒரு தள்ளலுக்கு மூன்று நாலு மைக்ரான்தான் வரும். இந்தத் தடவை இப்படிச் சாய்வாகத் தள்ளினால் அடுத்த தடவை அதற்குக் குறுக்கே தள்ளுங்கள், இல்லையென்றால் அலை அலையாக விழும்.

முதலில் மூன்று புள்ளி ஒட்டும். பிறகு ஏழு, பதினைந்து, அப்புறம் பரவிக்கொண்டே வரும். சதுர இஞ்சுக்குப் பத்துப் புள்ளி வந்தால் வீட்டு லேத்துக்கு அது ராஜ வைத்தியம். பெட்டைத் தொட வேண்டாம். கிப்பும் கிராஸ் ஸ்லைடும் போதும்.

மரைகழன்றவன்

இங்கிலாந்தில் விட்வொர்த் காலத்தில் சர்பேஸ் பிளேட்டையே இப்படித்தான் உருவாக்கினார்கள். மூன்று பிளேட், ஒன்றோடொன்று மாற்றி மாற்றி நீலம் பார்த்துச் சுரண்டுவது. இரண்டே பிளேட் என்றால் ஒன்று குழிந்து மற்றது குவிந்து ஒன்றோடொன்று அழகாகப் பொருந்திவிடும், நாம் ஏமாந்து போவோம். மூன்றாவது வந்தால் அந்தத் திருட்டு நடக்காது. அதாவது, தட்டை என்பதே கையிலிருந்து பிறந்ததுதான், மெஷின் அதற்கப்புறம் வந்தது.

நாலரை_அடி

நட்டுக்கு கன்மெட்டல் துண்டு வாங்கிவிட்டேன். ஆனால் என் லேத் பிரிந்து கிடக்கிறது, எதில் கடைவது? அதனால் கையாலேயே அரம் போட்டு உருவத்துக்குக் கொண்டுவந்தேன். மூன்று நாள். உள் மரைக்கு மட்டும் தெரிந்த பட்டறைக்கு எடுத்துப் போனேன்.

அரம் போடுவதில் எனக்கு ஒரு சந்தேகம். எவ்வளவு கவனமாகப் போட்டாலும் நடு உயர்ந்து இரண்டு ஓரமும் சரிகிறது.

டர்னர்_62

ஐடிஐயில் ஃபிட்டர் பையன்களை மாதக்கணக்கில் ஒரு இரும்புத் துண்டுக்கு அரம் போட வைப்பது இதற்குத்தான். உங்கள் கை ஊஞ்சல் ஆடுகிறது. வைஸ் உயரம் முழங்கைக்குச் சரியாக இருக்கிறதா பாருங்கள். ஆரம்பத்தில் இடது கை அழுத்தம் அதிகம், போகப் போக வலது கைக்கு மாற வேண்டும், அரம் மட்டம் மாறாமல் போக வேண்டும். திரும்பி வரும்போது தேய்க்காதீர்கள். பல்லில் சாக்பீஸ் தடவிக்கொண்டால் தூள் அடைக்காது. கடைசியில் அரத்தைக் குறுக்கே பிடித்து இழுத்தால் கோடு ஒரே சீராக வரும். கன்மெட்டலுக்கு என்று புது அரம் ஒன்றைத் தனியாக வையுங்கள். இரும்பில் ஓடி மழுங்கிய அரம் கன்மெட்டலில் வழுக்கும்.

உக்கடம்_பழசு

மோட்டார்? த்ரீ ஃபேஸ் வீட்டில் கிடையாதே.

லெஸ்டர்_தம்பி

விஎஃப்டி ஒன்று வாங்கினால் சிங்கிள் ஃபேஸ் உள்ளே, த்ரீ ஃபேஸ் வெளியே. ஆனால் வெளியே வருவதும் 230 வோல்ட்தான். மோட்டாரை ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு மாற்றிக் கட்ட வேணும், மோட்டாரின் தகட்டில் அதுக்கு இடம் இருக்கா என்று பாருங்கோ. மிகவும் மெதுவாக ஓட்டினால் மோட்டாரின் விசிறியும் மெதுவாகும், சூடேறும். பேக் கியர் இருக்கும்போது அதைப் போடுவதுதான் முறை.

மரைகழன்றவன்

எல்லோரும் சுவாரசியமாகப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், ஒருவரும் இதைச் சொல்லவில்லை: வேட்டி, துண்டு, கையுறை, முழுக்கை சட்டை எதுவும் லேத் பக்கம் வேண்டாம். சக் சாவியை சக்கில் விட்டுவிட்டு ஸ்விட்ச் போடாதீர்கள். சாவியிலிருந்து கை எடுக்கக் கூடாது என்று ஒரு பழக்கமே வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுகிற வேலை மேல் அரம் போட்டால் பிடி இல்லாத அரம் கூடாது, இடது கையில் பிடியைப் பிடியுங்கள், அப்போதுதான் கை சக்குக்கு மேலே போகாது. சுருளைக் கையால் இழுக்காதீர்கள். என் வலது ஆள்காட்டி விரலில் ஏழு தையல் இருக்கிறது, எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டாம்.

நாலரை_அடி

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன். சோதனைக் கம்பி கடைந்தாயிற்று. 40 மிமீ கம்பி, சக்கிலிருந்து 150 மிமீ நீட்டி, டெயில்ஸ்டாக் கொடுக்காமல், இரண்டு முனையிலும் ஒரு வளையம் விட்டு நடுவைக் குறைத்து, இரண்டு வளையத்தின் மேலும் டூலின் ஆழத்தை மாற்றாமல் ஒரே ஓட்டு. சக் பக்கம் 0.09 தடிப்பு.

அப்போதுதான் கீழே குனிந்து பார்த்தேன். கார் நிறுத்தும் இடம், கேட் பக்கம் தண்ணீர் ஓட வாட்டம் விட்ட தரை, நாலு காலும் ஒரே தளத்தில் உட்காரவில்லை. போல்டை முறுக்க முறுக்க பெட்டும் சேர்ந்து முறுகியிருக்கிறது. டெயில்ஸ்டாக் முனையில் பின்பக்கக் காலுக்கு அடியில் குளிர்பான டின்னைக் கத்தரித்து ஒன்று, இரண்டு, மூன்று தகடு என்று வைத்துக்கொண்டே போனேன். நாலாவதில் 0.03-க்கு வந்தது. பள்ளம் அப்படியே இருக்கிறது, ஆனால் பாதிப் பாவத்தைத் தரை செய்திருக்கிறது.

கிராஸ் ஸ்லைடு இப்போது கைப்பிடியில் மூன்று கோடுதான் சும்மா போகிறது. கிப்பில் நீலம் பன்னிரண்டு புள்ளி. கைவிரலில் நீலம் இன்னும் போகவில்லை, ஆபீஸில் தேர்தல் மையா என்று கேட்கிறார்கள்.

டர்னர்_62

தகடு வைத்துச் சரிசெய்தது குறைந்த நீளத்துக்குச் சரி. இரண்டு அடி ஷாஃப்ட் கடையும்போது அந்த முறுக்கே வேறு பக்கம் பிழை காட்டும், அப்போது தகட்டை எடுத்துவிட்டுப் பாருங்கள். டூல் என்ன வைக்கிறீர்கள்? இந்த வேகத்துக்கு கார்பைடு வேண்டாம், எச்எஸ்எஸ் (அதிவேக உருக்கு) பிட் தீட்டி வையுங்கள். 25 மிமீ மைல்ட் ஸ்டீலுக்கு 380 சுற்று தாராளம்.

நாலரை_அடி

எச்எஸ்எஸ்தான். முதல் வேலை அம்மாவின் கிரைண்டருக்கு ஒரு புஷ் (துளைக்குள் போடும் குழல்). இப்போது தெருவில் எல்லோர் வீட்டு கிரைண்டரும் வரிசையில் நிற்கிறது.

கடைசிச் சந்தேகம். என் லீட் ஸ்க்ரூ இஞ்சுக்கு 4 மரை. மெட்ரிக் மரை வெட்ட 127 பல் வீல் வேண்டும் என்கிறார்கள், என்னிடம் இருக்கும் கியர் மூட்டையில் அது இல்லை.

மரைகழன்றவன்

இஞ்ச் 25.4 மிமீ. அதை ஐந்தால் பெருக்கினால் 127. அதனால்தான் அந்த விசித்திரமான எண்ணிக்கை. 1 மிமீ பிட்ச் வேண்டுமென்றால் 20-க்கு 127 போட்டால் அச்சாக வரும். இல்லையென்றால் 63 பல் வீல் ஒன்று தேடுங்கள். 63-க்கு 80, அப்புறம் 20-க்கு 100 என்று கோர்த்தால் 1.000125 மிமீ வரும். 100 மிமீ நீளத்துக்கு 0.0125 பிழை, எந்த நட்டும் அதைக் கண்டுபிடிக்காது. ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: மெட்ரிக் மரை முடியும்வரை ஹாஃப் நட்டைத் திறக்கக் கூடாது, டூலை வெளியே இழுத்துவிட்டு மோட்டாரைப் பின்னோக்கிச் சுற்றித் திரும்ப வாருங்கள். திறந்தால் மறுபடி அதே காடியில் விழாது.

டர்னர்_62

63 பல் வீல் என் பரணில் இரண்டு கிடக்கிறது. துளை 6 நூல், சாவி உட்காரும் கீவே 1 நூல் (ஒரு நூல் எட்டில் ஒரு இஞ்ச்). உங்கள் ஸ்டட்டை அளந்துவிட்டு வாருங்கள், பொருந்தாவிட்டால் புஷ் போட வேண்டியிருக்கும். வரும்போது அந்தச் சுரண்டியையும் கையோடு எடுத்து வாருங்கள், விளிம்பு எப்படித் தீட்டியிருக்கிறார் என்று பார்க்க வேண்டும்.